நிழல் விழுமுன்னே பயிருக்குத் தெரியும்: வன்னித் தோட்டங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வன்னிப் பகுதியில், வவுனியாவில் தெரிந்தவர் ஒருவரின் உழுந்துக் காணி அது. மாரிப் பயிர்க்காலமான காலபோகம், விதைத்து மூன்று கிழமை ஆகியிருந்தது. காணியின் வடக்கு ஓரத்தில் வாய்க்கால் கரை, அதில் புல்லு முழங்கால் உயரத்துக்குச் செழித்து நின்றது. கரையோரத்து முதல் இரண்டு வரிசை உழுந்து மட்டும் மற்ற வரிசைகளை விட நாலு விரல் உயரம். "அந்தப் பக்கம் ஈரம் கூட, அதுதான் வாளிப்பு" என்றார் காணிக்காரர். நானும் அப்படியே நம்பினேன். அறுவடை நேரம் போய்ப் பார்த்தால் அந்த உயரமான வரிசைகளில்தான் காய் குறைவு. தண்டு மெலிந்து, பக்கக் கிளை இல்லாமல், பாதிச் செடி சரிந்து கிடந்தது.

நிழல் பட்டதால் என்றும் சொல்ல வழியில்லை. மாரி மாதங்களில் வன்னியில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். வடக்குக் கரையில் நிற்கும் புல்லின் நிழல் கரைக்கு அப்பால்தான் விழும். புல்லின் வேர் உரத்தைத் திருடியிருக்கும் என்று பார்த்தால், உரம் குறைந்த செடி குட்டையாகும், உயராது. பிறகு ஏன் உயர்ந்தது?

பக்கத்தில் பச்சை நிற்பதை அந்தச் செடிகள் கண்டுகொண்டன என்பதுதான் பதில். நிழல் விழுவதற்கு முன்பே, வெளிச்சத்தின் நிறம் மாறியதை வைத்து அவை கண்டுகொண்டன. இது எப்படி நடக்கிறது, உங்கள் வளவிலேயே எப்படிச் சோதித்துப் பார்க்கலாம், இது தெரிந்தால் களை எடுப்பதையும் இடைவெளியையும் உழவையும் எப்படி மாற்றலாம் என்று படிப்படியாக எழுதுகிறேன். தோட்டம் செய்கிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

படி 1: இலை நிழலையும் சுவர் நிழலையும் பிரித்துப் பாருங்கள்

வெளிச்சம் கூடினதா குறைந்ததா என்றுதான் நாங்கள் பார்ப்போம். செடி அதோடு நிற்பதில்லை, வெளிச்சத்தில் எந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்கிறது.

இலையில் உள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சி ஒளித்தொகுப்புக்கு எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒளியின் அலைநீளம் 700 நனோமீற்றரைத் தாண்டினால் பச்சையத்துக்கு அந்த ஒளியால் பெரிதாகப் பயனில்லை. 700 முதல் 800 நனோமீற்றர் வரையான இந்தப் பகுதியைத் தூரச்சிவப்பு என்போம். எங்கள் கண்ணுக்கு இது தெரியாது என்றே சொல்லலாம். இலை இதில் பெரும்பகுதியை உறிஞ்சுவதில்லை, ஒரு பங்கைக் கீழே விடுகிறது, ஒரு பங்கைப் பக்கவாட்டில் தெறிக்க விடுகிறது. செங்கீழ்க் கதிரில் எடுத்த படங்களில் மரங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகத் தெரிவதற்கும் காரணம் இதேதான்: பச்சையத்துக்கு வேண்டாத கதிரை இலை திருப்பி எறிகிறது.

திறந்த வெளியில் பகல் வெளிச்சத்தில் சிவப்பும் தூரச்சிவப்பும் ஏறத்தாழச் சமம். சிவப்பைத் தூரச்சிவப்பால் வகுத்தால் சுமார் 1.2 வரும். அடர்ந்த இலைக்குக் கீழே அந்த எண் 0.5க்குக் கீழே, சில இடங்களில் 0.1 வரைக்கும் இறங்கும். மேலே நிற்கும் இலை சிவப்பைத் தின்றுவிட்டது, தூரச்சிவப்பை மிச்சம் விட்டது. கணக்கு அவ்வளவுதான்.

இப்போது ஒரு மதில் நிழலை நினையுங்கள், அல்லது மழை முகில் மூடிய நாளை. வெளிச்சம் நன்றாகக் குறையும், ஆனால் அந்த விகிதம் பெரிதாக மாறாது. ஆகவே முகில் மூடினாலும் செடிக்குப் "பக்கத்தில் போட்டிக்காரன் வந்துவிட்டான்" என்ற சேதி போகாது. இலை நிழல் விழுந்தால்தான் அந்தச் சேதி போகும். தோட்டக்காரர்கள் எல்லா நிழலையும் ஒரே நிழலாக எண்ணுவதால்தான் இந்த விசயத்தில் பாதிக் குழப்பம் வருகிறது.

படி 2: செடிக்குள் இருக்கும் ஆளியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த விகிதத்தை அளப்பது பைற்றோகுரோம் என்ற புரதம். அதற்கு இரண்டு வடிவங்கள். ஒன்று 660 நனோமீற்றர் அளவிலான சிவப்பை உறிஞ்சும், உறிஞ்சியதும் மற்ற வடிவத்துக்கு மாறும். அந்த மற்ற வடிவம் 730 நனோமீற்றர் அளவிலான தூரச்சிவப்பை உறிஞ்சி மறுபடி முதல் வடிவத்துக்குத் திரும்பும். மின்விளக்கின் ஆளியைப் போல, சிவப்பு போட்டுவிடும், தூரச்சிவப்பு அணைத்துவிடும்.

இதைக் கண்டுபிடித்த கதையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பெல்ற்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் ஹாரி போர்த்விக், ஸ்ரெர்லிங் ஹென்றிக்ஸ் ஆகியோரும் கூட்டாளிகளும் 1952இல் சலாது விதைகளை வைத்துச் சோதித்தார்கள். ஈர விதைக்குச் சிறிது நேரம் சிவப்பு ஒளி காட்டினால் முளைத்தது. உடனே தூரச்சிவப்பு காட்டினால் முளைப்பு நின்றது. மாறி மாறிக் காட்டிப் பார்த்தார்கள். எத்தனை தரம் காட்டினாலும் கடைசியாகக் காட்டியது எதுவோ அதன்படியே விதை நடந்தது. அந்தப் புரதத்தைக் கண்ணால் காணாமலே, விதை நடந்துகொண்ட விதத்தை மட்டும் வைத்து, இப்படியொன்று உள்ளே இருக்கத்தான் வேண்டும் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். 1959இல் அது இருப்பதைக் கருவியால் அளந்தே காட்டினார்கள். இதை எத்தனை தரம் வாசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

வெயிலில் நிற்கும் செடியில் போட்டபடி இருக்கும் வடிவமே கூடுதலாக இருக்கும். அது உயிரணுவின் கருவுக்குள் போய், தண்டை நீளச் செய்யும் சில புரதங்களைப் பிடித்து அடக்கி வைக்கும். தூரச்சிவப்பு கூடினால் பிடி தளரும். அடங்கிக் கிடந்த புரதங்கள் வேலையைத் தொடங்கும், இலையில் ஒட்சின் என்ற வளரூக்கி கூடுதலாக உருவாகித் தண்டுக்கு இறங்கும், ஜிபரெலின் என்ற இன்னொரு வளரூக்கியும் சேர்ந்துகொள்ளும், தண்டு நீளும். இதற்குக் கிழமைக் கணக்கு வேண்டியதில்லை. கடுகுச் செடியின் தண்டில் தூரச்சிவப்பு பட்டுச் சில நிமிடங்களிலேயே வளர்ச்சி வேகம் கூடுவதை அளந்திருக்கிறார்கள்.

பைற்றோகுரோம் மட்டும்தான் செடியின் கண் என்றும் இல்லை. நீல ஒளியைப் பார்க்க வேறு புரதங்கள் உள்ளன. யன்னலோரத்துச் செடி வெளிச்சத்தின் பக்கம் வளைவது அவற்றில் ஒன்றின் வேலை. ஊதாக் கடந்த கதிருக்கும் தனியாக ஒன்று உண்டு. இலை நிழலில் நீலமும் குறைவதால் அந்தச் சேதியும் சேர்ந்தே போகிறது.

வன்னிக்காரர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. பைற்றோகுரோமின் போட்ட வடிவம் சூட்டிலும் தானாக அணைந்துவிடும். வெப்பம் கூடக் கூட இந்த அணைவு வேகமாகும். இதன் வழியே செடி வெப்பத்தையும் உணர்கிறது என்பதை 2016இல்தான் உறுதி செய்தார்கள். எங்கள் கோடைச் சூட்டில், இரவுகூட இறங்காத அந்தப் புழுக்கத்தில், நெருக்கமாக நிற்கும் நாற்றுகளுக்கு நெடுத்து வளரச் சொல்லி இரண்டு பக்கத்தாலும் உந்துதல் வருகிறது.

படி 3: பக்கத்து இலை தெறிக்கும் ஒளியைக் கணக்கில் எடுங்கள்

மேலே நிற்கும் இலை வடிகட்டி விடும் ஒளி ஒன்று. பக்கத்தில் நிற்கும் இலை தெறிக்கும் ஒளி இன்னொன்று. முன்னது நிழல். பின்னது நிழல் வருமுன் வரும் எச்சரிக்கை.

ஆர்ஜென்ரினாவைச் சேர்ந்த கார்லோஸ் பயாரேயும் கூட்டாளிகளும் இதை 1987இலும் 1990இலும் வெளியிட்ட ஆய்வுகளில் காட்டினார்கள். ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்காத அளவு சிறிய நாற்றுகளை எடுத்தார்கள். தண்டைச் சுற்றிச் செப்புச் சல்பேற்றுக் கரைசல் நிரம்பிய ஒளி ஊடுருவும் வளையத்தை மாட்டினார்கள். அந்த நீலக் கரைசல் தூரச்சிவப்பை உறிஞ்சிவிடும். வளையம் மாட்டிய செடிகள் பக்கத்தில் ஆட்கள் நிற்பதை அறியவில்லை. மற்றவை நீண்டபோது இவை அவ்வளவு நீளவில்லை. நாற்றுகள் எல்லாவற்றுக்கும் வெயில் தாராளமாகவே கிடைத்துக்கொண்டிருந்தது.

வவுனியா உழுந்துக்கும் இதுதான் நடந்தது. கரைப்புல் தெறித்த தூரச்சிவப்பு அதன் தண்டில் பட்டது. செடி தன் சாப்பாட்டைத் தண்டுக்குச் செலவழித்தது, கிளைக்கும் காய்க்கும் மிச்சமில்லை.

ஆகவே "களை பயிரை மூடவில்லையே, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லும்போது எங்கள் கண்ணை வைத்துத்தான் நாங்கள் தீர்மானிக்கிறோம். பயிர் தன் தீர்மானத்தை அதற்கு முன்பே எடுத்துவிட்டது.

படி 4: உங்கள் வளவில் சோதித்துப் பாருங்கள்

சொன்னதை நம்புவதைவிடச் செய்து பார்ப்பதே மேல். இரண்டு சோதனை சொல்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு கிழமை போதும்.

முதல் சோதனை, இலை நிழலும் வலை நிழலும். ஒரே அளவில் வெட்டிய பிளாஸ்ரிக் போத்தல் அடிகள் அல்லது நாற்றுப் பைகள் 15 எடுங்கள். ஒரே குவியலிலிருந்து மண்ணும், ஒரே பொதியிலிருந்து பயறும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு விதை போட்டு, முளைத்த பின் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். முளைத்து வரும் வரைக்கும் எல்லாம் திறந்த வெயிலில் இருக்கட்டும். இதை மறந்து இருட்டில் முளைக்க வைத்தால் எல்லாமே மஞ்சளாக நீண்டுவிடும், பிறகு ஒப்பிட ஒன்றும் இருக்காது.

முளைத்ததும் ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள். முதல் ஐந்து வெயிலில். அடுத்த ஐந்து கறுப்பு நிழல் வலைக்குக் கீழே. கடைசி ஐந்து பாகல் பந்தலுக்கோ வாழைக்கோ கீழே. கறுப்பு வலை எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கிறது, பந்தல் இலை நிறத்தையே மாற்றுகிறது. சோதனையின் உயிர் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. ஆகவே இரண்டு இடத்திலும் வெளிச்சம் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் ஒளி அளக்கும் செயலி ஒன்றை இறக்கிப் பாருங்கள். அது மனிதக் கண்ணுக்கேற்ற அளவு, துல்லியமில்லை, ஆனாலும் இரண்டு நிழலும் கிட்டத்தட்ட ஒன்றா என்று தெரிந்துகொள்ளப் போதும். வலை வெளிச்சம் கூடவிட்டால் இரண்டாக மடித்துப் போடுங்கள்.

பத்து நாள் கழித்து நூலால் அளந்து பாருங்கள். மண் மட்டத்திலிருந்து முதல் சோடி இலை வரை ஒரு நூல், அதற்கு மேல் அடுத்த கணு வரை இன்னொரு நூல். நூல்களை வெட்டிக் கொப்பியில் வரிசையாக ஒட்டினால் வரைபடமே போடத் தேவையில்லை, பிள்ளைகளுக்குக் கண்ணாலேயே விளங்கும்.

பொதுவாக வெயில் செடி குட்டையாகத் தடித்து நிற்கும். வலைச் செடியும் கொஞ்சம் நீளும், வெளிச்சம் குறைந்ததற்கு அதுவும் ஏதோ செய்யத்தானே வேண்டும். பந்தல் செடி அதைவிட நீண்டு, மெலிந்து, இலையை மேல்நோக்கித் தூக்கி நிற்கும். வலைக்கும் பந்தலுக்கும் இடையிலான அந்த வித்தியாசம்தான் நிறத்தால் வந்தது.

இரண்டாவது சோதனைதான் எனக்குக் கூடுதலாகப் பிடித்தது. இதில் நிழலே இல்லை. வெயிலில் பத்துப் பயற்று நாற்றை வையுங்கள். ஐந்துக்கு ஒரு சாண் தள்ளி, நெருக்கமாக வளர்ந்த புல் அல்லது குரக்கன் நாற்று நிறைந்த தட்டை வையுங்கள். மற்ற ஐந்துக்கு அதே தூரத்தில், அதே உயரத்தில், மண் நிறக் கடதாசி மட்டையை நிறுத்துங்கள். தனித் தனிப் பாத்திரம் என்பதால் வேர்ப் போட்டி என்ற சந்தேகமும் இல்லை.

எந்தப் பக்கம் வைப்பது என்பதில் கவனம் வேண்டும். நாங்கள் இருப்பது வட அகலக்கோடு 9 பாகை அளவில். செப்ரெம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை சூரியன் காலை தொடங்கி மாலை வரை தெற்குப் பக்கமாகவே போகும், ஆகவே புல்தட்டை வடக்கே வையுங்கள். சித்திரைப் புத்தாண்டு அளவில் சூரியன் எங்கள் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே போய்விடும். அதன் பிறகு ஓகஸ்ட் கடைசி வரை தட்டுத் தெற்கே இருக்க வேண்டும். இடைப்பட்ட கிழமைகளில் காலை ஒரு பக்கமும் நடுப்பகல் மறுபக்கமும் நிழல் விழும், அந்த நாட்களில் இந்தச் சோதனையை விட்டுவிடுவது நல்லது.

இன்னும் ஒரு கவனம். பிள்ளைகள் ஆவலில் செடியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். அடிக்கடி தொடப்படும் செடி குட்டையாகும், காற்றில் ஆடும் செடியும் அப்படித்தான். ஒன்றில் எதையும் தொடாதீர்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே அளவு தொடுங்கள். வித்தியாசம் முதல் சோதனையில் வந்த அளவுக்கு இதில் வராது, சில மில்லிமீற்றர்தான் இருக்கலாம். ஐந்துக்குப் பதில் பத்துச் செடி வைத்தால் முடிவை நம்பலாம்.

படி 5: வயலில் அடையாளம் காணுங்கள், மற்றவற்றோடு குழப்பாதீர்கள்

அயல் செடிக்குப் பதில் சொல்லும் பயிரில் இவை சேர்ந்து வரும்: கணுவுக்குக் கணு தூரம் கூடும், இலைக்காம்பு நீளும், இலை மேல்நோக்கி எழும், பக்க மொட்டுகள் உறங்கிவிடும், இலை மெல்லியதாகும், வேர் சுருங்கும், சிலவற்றில் பூவும் முந்தி வரும். வெளியே தெரியாத ஒன்றும் உண்டு. பூச்சிக்கும் நோய்க்கும் எதிரான தற்காப்பையும் செடி குறைத்துக்கொள்கிறது. ஓடுகிற அவசரத்தில் கதவைப் பூட்ட மறந்ததுபோல் அது. நெருக்கமான பாத்தியில் நோய் பரவுவதற்கு ஈரமும் காற்றோட்டக் குறைவும் காரணம் என்று சொல்வது சரிதான், ஆனால் இதுவும் அதில் ஒரு பங்கு.

ஆனால் உயரமெல்லாம் இதனால் வருவதில்லை. யூரியா கூடினாலும் பயிர் நெடுக்கும். அப்போது இலை கரும்பச்சையாக, அகன்று, கொழுத்து இருக்கும். அயலால் நெடுத்ததில் இலை வெளிறி மெலியும். முழு இருட்டில் நீண்டது மஞ்சளாக இருக்கும்.

நெல்லில் இன்னொன்று இருக்கிறது. வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடி மட்டும் வெளிறி, மெலிந்து, மற்றவற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றால் அது பூஞ்சண நோயாக இருக்கலாம். அந்தப் பூஞ்சணம் ஜிபரெலினைத் தானே உருவாக்கி நெல்லை இழுத்து நீட்டுகிறது. அந்த வளரூக்கியை உலகம் அறிந்ததே இந்த நோயால்தான், யப்பானிய விஞ்ஞானி எய்ச்சி குரோசாவா 1926இல் தாய்வானில் செய்த வேலையால். அயல் நெருக்கத்தால் வந்தால் ஒரு பகுதி முழுக்க ஒரே மாதிரி நெடுத்திருக்கும், தனித் தனியே நிற்காது.

படி 6: உழும்போது களை விதைக்கு வெளிச்சம் காட்டுவதைக் குறையுங்கள்

முளைக்குமுன் விதைக்கும் இந்தக் கண் உண்டு. மண்ணுக்குள் வெளிச்சம் சில மில்லிமீற்றருக்கு மேல் போகாது. பொடி விதைக்கு உள்ளே சேமிப்பும் குறைவு, ஆழத்தில் முளைத்தால் மேலே வருமுன் செத்துவிடும். ஆகவே வெளிச்சம் பட்டால்தான் முளைப்பது என்று காத்துக் கிடக்கிறது. இலை நிழலில் வரும் தூரச்சிவப்பு அதற்கு "இன்னும் பொறு" என்று சொல்லும். கச்சானுக்கும் உழுந்துக்கும் இந்தக் கவலை இல்லை, கட்டுச்சோறு கூடவே இருக்கிறது.

காட்டோரம் வீதிக்காகவோ மின்வேலிக்காகவோ வெட்டித் துப்புரவாக்கிய கீற்றில் முதல் மழைக்கே எங்கிருந்தோ செடிகள் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். பாலை மரமும் வீரை மரமும் மூடி நின்றவரை உறங்கிய விதைகளும் அதில் நிறைய இருக்கும்.

உழவிலும் இதுதான். கலப்பை மண்ணைப் புரட்டும் அந்தக் கண நேரத்தில் விதைக்கு வெளிச்சம் படுகிறது. நெடுநாள் மண்ணுக்குள் கிடந்த சில விதைகளுக்கு ஒரு செக்கனுக்கும் குறைந்த வெளிச்சமே போதும். மறுபடி புதைந்தாலும் முளைக்கும். இருட்டில் உழுது பார்த்த சோதனைகள் ஜெர்மனியிலும் வேறு நாடுகளிலும் நடந்தன, சில இடத்தில் களை நன்றாகக் குறைந்தது, சில இடத்தில் வித்தியாசமே இல்லை. அதை நம்பி உழவு இயந்திரத்தை நடுச்சாமத்தில் அழைக்கச் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது இதுதான். முதல் மழைக்கு உழுது, களை விதைக்கு வெளிச்சம் காட்டி முளைக்க விடுங்கள். பத்து நாள் அளவில் முளைத்ததை மேலாகச் சுரண்டி அழியுங்கள், ஆழமாகக் கிளறாதீர்கள். பிறகு விதையுங்கள். ஆழமாகக் கிளறினால் கீழே உறங்கிய அடுத்த படையை எழுப்பி விடுவீர்கள். காலபோக மழை பிந்தினால் இந்தப் பத்து நாளை ஒதுக்குவது கடினம் என்பது எனக்குத் தெரியும். முழுக் காணிக்கும் முடியாவிட்டால் மிளகாய், வெங்காயப் பாத்திகளுக்காவது செய்யுங்கள். கோரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது பெரும்பாலும் கிழங்கிலிருந்து வருகிறது.

படி 7: இடைவெளி, களை, வரிசை

களையெடுப்பின் முதல் தவணையை முந்துங்கள். பயறு, உழுந்து, கௌபி போன்றவற்றில் முதல் மூன்று நாலு கிழமைதான் செடி தன் உருவத்தைத் தீர்மானிக்கும் காலம். களை பயிரின் பாதி உயரத்துக்கு வருமுன் எடுத்துவிட வேண்டும். ஆள் கிடைக்காமல் பிந்துவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஒரேயொரு தரம்தான் ஆள் பிடிக்க முடியும் என்றால் பிந்திய களையெடுப்பை விட்டு முந்தியதைச் செய்யுங்கள். வரம்பையும் வாய்க்கால் கரையையும் மறக்க வேண்டாம். வரம்புப் புல்லை அடியோடு பிடுங்கினால் வரம்பு மழைக்குக் கரையும். கணுக்கால் அளவுக்கு வெட்டி விட்டால் போதும்.

இடைவெளியை விதைப் பொதியில் உள்ளபடியோ விவசாயப் போதனாசிரியர் சொல்கிறபடியோ விடுங்கள். உழுந்துக்கும் பயறுக்கும் பொதுவாக வரிசைக்கு வரிசை 30 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 10 சென்ரிமீற்றர். முளைப்புக் குறையும் என்று பயந்து கூடுதலாக விதைப்பதில் தவறில்லை, ஆனால் முளைத்தபின் கலைக்க வேண்டும். கை கூசும், எனக்கும் கூசும். இரண்டாவது இலை வருமுன் கலைத்தால் மிஞ்சும் செடி தனக்கு அயல் இல்லை என்றே வளரும். மூன்று கிழமை கழித்துக் கலைத்தால் நெடுத்தது நெடுத்ததுதான்.

மிளகாய், கத்தரி நாற்றுமேடையிலும் நெருக்கம்தான் முதல் எதிரி. வெயில் கொடுமைக்குக் கிடுகு கட்டுவது நல்லது. கிடுகு காய்ந்த ஓலை, அதில் பச்சையம் இல்லை, அதன் நிழல் கறுப்பு வலையின் நிழலைப் போன்றது. பச்சைக் குழையை வெட்டிப் போட்டு நிழல் கொடுத்தால் அது காயும் வரை நாற்றுக்குப் பிழையான சேதிதான் போகும். பெரியவர்கள் கிடுகைத் தெரிந்தெடுத்தது வேறு வசதிக்காக இருக்கலாம், ஆனால் தெரிவு சரியானது.

நெல்லில் வீசி விதைப்பவர்கள் விதை கூடப் போட்டால் களை அடங்கும் என்பார்கள். கொஞ்சம் உண்மை. ஆனால் அளவு மிஞ்சினால் நெல்லே நெல்லுக்கு அயல் ஆகிவிடும், அடியிலிருந்து வெடிக்கும் பக்கத் தண்டுகள் குறையும், தண்டு மெலிந்து தை மாதக் காற்றுக்குச் சாயும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நெடிய பழைய நெல்லுகள் களையைத் தாங்களே மூடிவிடும், ஆனால் உரம் கூடினால் சாயும். 1966இல் பிலிப்பைன்சில் வெளியான ஐஆர் 8இலிருந்து பரவிய குட்டை நெல் இனங்களில் ஜிபரெலின் உருவாகும் பாதையில் ஒரு குறை இருக்கிறது. அதனால் அவை குட்டையாக நின்று கதிரைத் தாங்குகின்றன. அதே குட்டைத்தனத்தால் களையை மூடும் வலு குறைவு. குட்டை நெல் போடுகிறவர் முதல் மாதத்துக் களையில் அசட்டையாக இருக்க முடியாது.

கலப்புப் பயிரில் சோளனையோ மரவள்ளியையோ வடக்குத் தெற்காக வரிசை போட்டால் நிழல் காலை மேற்கேயும் மாலை கிழக்கேயும் நகரும், ஒரே செடி நாள் முழுக்க நிழலில் நிற்காது. தென்னைக்குக் கீழே என்ன வைப்பது என்று கேட்பவர்களுக்கு, மஞ்சளும் இஞ்சியும் நிழலைச் சகித்துக்கொள்ளும் இனங்கள், அவை ஓட முயலாமல் இருந்த வெளிச்சத்தில் வாழப் பழகியவை. கச்சான், எள்ளு, மிளகாய் வெட்டவெளிப் பிள்ளைகள். அவற்றைத் தென்னைக்குக் கீழே தள்ளினால் உயரம் கிடைக்கும், விளைச்சல் கிடைக்காது.

நெடுப்பது எல்லா இடத்திலும் கெடுதல் என்றும் இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் தேக்கந்தோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், சின்ன வயதில் நெருக்கி நட்டால்தான் மரம் கிளை விடாமல் நேராக ஏறும். பிறகு இடையிடையே வெட்டிக் கலைப்பார்கள். அங்கே விளைச்சல் தண்டுதான்.

படி 8: ஏற்கனவே நெடுத்துவிட்டால்

நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது. களையைப் பிடுங்கியதும் புதிதாக வரும் கணுக்கள் குறுகும், அதுவரை நீண்டது அப்படியே இருக்கும். ஆகவே முதலில் அயலை நீக்குங்கள், பிறகு அடியைத் தாங்குங்கள். உழுந்து, பயறு, கௌபிக்கு மண் அணைத்து விடுங்கள். யூரியாவை உடனே போடாதீர்கள், அது இன்னும் இழுக்கும்.

நெடுத்த தக்காளி நாற்றை முதல் இலை வரை மண்ணுக்குள் புதைத்து நடலாம், புதைந்த தண்டிலிருந்து வேர் விடும். மிளகாயும் கத்தரியும் தக்காளி அளவுக்குத் தண்டில் வேர் விடாது, அவற்றை விதையிலை மட்டம் வரை தாழ்த்தினால் போதும். மிளகாய் நாற்று மிகவும் நெடுத்திருந்தால் நட்டு வேர் பிடித்தபின் நுனியைக் கிள்ளுங்கள். நுனியிலிருந்து இறங்கிய ஒட்சின் நிற்கும்போது உறங்கிய பக்க மொட்டுகள் விழிக்கும். பூ ஒரு கிழமை, பத்து நாள் பிந்தும். அந்தப் பிந்தலை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் கிள்ளாமல் ஒரு தடியை ஊன்றிக் கட்டிவிடுங்கள்.

விதைத்து ஒரு மாதம் கடந்த நெல்லில் செய்வதற்கு அதிகம் இல்லை. எந்த மூலையில் நெடுத்தது, அங்கே விதை கூட விழுந்ததா, வரம்புப் புல் நின்றதா என்று கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த போகத்துக்கு விதை வீசும்போது கை அந்த மூலையில் சற்றுக் குறைவாக வீசட்டும்.